நான்கு மாதம் என் பையில் கிடந்த கடிதம்

பங்குச் சாமியாருக்கு உதவியாகப் புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, துக்கத்தில் இருப்பவர்களிடம் ஆறுதல் பேசுவது எப்படி என்று சொல்லச் சொல்லி என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள். யாரோ என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்தவன் நான். சாவு வீட்டில் இந்த ஆள் வாயைத் திறந்தால் அழுகிறவர்கள் அழுகையை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குப் பெயர் உண்டு. உண்மைதான், நிறுத்துவார்கள். என் பேச்சு காதில் விழவேண்டுமே என்று நிறுத்துகிறார்கள் என நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது முடித்துவிட்டு எழுந்து போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மெல்லத்தான் விளங்கியது.

பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை செபத்தை நடத்துவது, நோயாளி வீட்டுக்கு எதையெல்லாம் எடுத்துப் போவது, இவற்றையெல்லாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் சொல்லப்போவதை வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள், ஏனென்றால் இதைச் செய்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் கைவசம் நிறைய இருந்தன. அவற்றில் அதிகம் ஓடியது 'சோதனை'. பிள்ளைக்குக் காய்ச்சலா, அது ஆண்டவர் தரும் சோதனை. வலை அறுந்துபோனதா, சோதனை. பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனதா, பெரிய சோதனை. என் பேச்சை வரிசையாகக் கேட்ட ஒருவருக்கு, ஆண்டவர் உலகத்தைப் படைத்ததே அதற்குப் பரீட்சை வைக்கத்தான் என்று தோன்றியிருக்கும். அந்த வார்த்தையில் ஒரு வசதி உண்டு. சோதனை என்று சொல்லிவிட்டால் சொன்னவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மீதி வேலையெல்லாம் கேட்டவர் தலையில் விழும்.

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். தெற்கே புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தன. அப்படிப் போன ஒரு தோணியில் எங்கள் ஊர் சூசை இருந்தான். முன்பு சங்கு குளித்தவன். காது உடைந்து ரத்தம் வந்த பிறகு குளிப்பதை விட்டுவிட்டுத் தோணியில் ஏறியவன். அவன் மனைவி செசிலி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்கு மந்திரம் சொல்லிக் கொடுத்ததும் நான், பெரியவளாகிக் கல்யாணம் ஆனபோது கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்ததும் நான். தோணி கிளம்பிய மூன்றாம் நாள் புயல் அடித்தது. தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை.

கிறிஸ்மசுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பங்குச் சாமிக்குக் கடலுக்கு அக்கரையில் கொழும்புப் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கோயிலின் சாமியார் எழுதியிருந்தார். கரையில் ஓர் உடல் ஒதுங்கியதாகவும், மெழுகுத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த சீட்டில் சூசையின் பெயரும் ஊரும் இருந்ததாகவும், அங்கேயே கோயில் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டதாகவும், போலீசு மூலமாக முறைப்படியான தகவல் பின்னால் வரும் என்றும் எழுதியிருந்தார். எங்கள் சாமிக்கு ஐந்து ஊர்ப் பொறுப்பு. எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீரு போய்ச் சொல்லும். ஒமக்குத்தான் வாய் இருக்கு. நாஞ் சொன்னா அந்தப் பிள்ள தாங்காது."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். ஒருத்தி விதவையாகிவிட்டாள் என்ற செய்தியைக் கையில் வாங்கும்போது, சாமியே நம்மை நம்பித் தருகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சைக்கிளில் போகும்போதே முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

செசிலி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளும் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சேதி ஒண்ணும் இல்லியே, உபதேசியாரே?"

எங்கள் கரையில் கேள்வியை அப்படித்தான் கேட்பார்கள். இல்லை என்ற பதிலை உள்ளே வைத்தே கேட்பார்கள். பதில் சொல்கிறவனுக்கு எவ்வளவு சவுகரியம் பாருங்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "இது ஆண்டவர் தார சோதன, செசிலி. விசுவாசத்த விட்டுராத. விடாம செபம் பண்ணு."

கடிதம் சைக்கிளில் தொங்கிய துணிப்பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன். முதல் நாள் சொல்லாமல் விட்டதற்குத் தயவு என்று பெயர் வைத்துக்கொண்டேன். பண்டிகை முடியட்டும், பிள்ளைகள் புதுத்துணி போட்டுவிடட்டும். அடுத்த வாரம் தயக்கமாகிவிட்டது. தை மாதம் வந்தபோது, இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயமாகிவிட்டது. அதற்குப் பிறகு அதற்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டேன். சாமி ஞாயிற்றுக்கிழமை வந்து, "அந்தப் பிள்ளைட்ட சொன்னீரா? எப்படி இருக்கா? பூச வைக்கணுமே" என்று கேட்டார். "அவ மனசு இன்னும் தேறல சாமி, பூச இப்பம் வேண்டாங்கா" என்றேன். என்ன நாக்கு பாருங்கள்.

மற்றவர்களுக்குக் கடிதம் வந்ததே தெரியாது. பின்னால் வரும் என்ற போலீசுத் தகவலும் வந்து சேரவில்லை. ஏதோ ஒரு தோணியின் பலகை மன்னார்ப் பக்கம் கிடந்தது என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பலகை வந்தால் ஆள் செத்துவிட்டதாக அர்த்தமா என்று செசிலி கேட்டாள். அவள் கேட்டது சரிதானே. உபதேசியாரே செபம் பண்ணச் சொல்லியிருக்கிறார், ஆள் இருப்பதால்தானே சொல்லியிருப்பார்.

அவள் செபம் பண்ணினாள். நான் மருந்து எழுதிக் கொடுத்தேன் என்றே சொல்லலாம். ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு. அதோடு சேர்த்தே ஒன்பது சனிக்கிழமை மாதாவுக்கு. இரண்டும் பலிக்காமல் போகவே ஆலந்தலைக் கோயில் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து போய்வரச் சொன்னேன். போய்வந்தாள். கால் வெடித்து நாலு நாள் படுத்துக் கிடந்தாள். மருந்து பலிக்காவிட்டால் மருந்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று சாதாரண நாட்டு வைத்தியனுக்குக்கூடத் தெரியும். நான் நோயாளியைச் சந்தேகப்பட்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் தொடங்கிய வாரம் அவளைக் கோயில் வாசலில் நிறுத்தினேன்.

"ஏளா, சொல்லாத பாவம் ஏதும் உள்ள கெடக்கா? நல்லா யோசிச்சுப் பாரு. கேக்கது கெடைக்காம இருக்கதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தோணிக்குப் போற அன்னைக்குக் காலைல சண்ட. சின்னவனுக்குக் காய்ச்ச. அடுத்த தோணில போங்கன்னு சொன்னேன், கேக்கல. கோவத்துல, தொலஞ்சு போங்கன்னுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "தொலஞ்சுதான போயிட்டாவ, உபதேசியாரே."

இந்தக் கரையில் வேலைக்குப் போகிற புருசனைத் தொலைந்து போ என்று திட்டாத பெண்சாதி யார்? என் வீட்டில் வாரம் இரண்டு தரம் என்னைச் சைக்கிளோடு தொலையச் சொல்வாள். சாயங்காலம் ஆனால் நான் காப்பிக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். இதைச் சொல்லிச் சிரித்திருந்தால் போதும், அந்தப் பெண்ணின் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியிருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினேன். "சாமி வந்ததும் பாவசங்கீர்த்தனம் பண்ணிரு" என்றேன். அவள் பண்ணினாள். சாமி மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் நான் தலையாட்டியதை அவளால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒருசந்தி இருக்கத் தொடங்கினாள், ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையையும் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடிக்கிறாள் என்று அவள் அண்ணன் மிக்கேல் வந்து சொன்னான்.

மிக்கேல் பழைய துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கொட்டகையில் பெட்டி தூக்குகிறவன். அவன் வந்தது வேறு ஒரு காரியத்துக்கு. அதைச் சொல்ல எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், வீட்டார் வந்து கேட்டால்தான் கோயிலில் துக்க மணி அடிப்போம். மணி அடித்தால்தான் அது சாவு வீடு. சாவு வீடு என்று ஆனால்தான் அக்கம்பக்கத்தார் கஞ்சி கொண்டுபோவார்கள், கூட உட்கார்ந்து அழுவார்கள். தும்பா என்று நாங்கள் சொல்லும் வெறும் சவப்பெட்டியைக் கறுப்புத் துணி போர்த்திக் கோயில் நடுவில் வைத்துப் பூசை நடக்கும். மணி அடிக்காத வீட்டுக்கு ஒரு குவளை கஞ்சிகூட யாரும் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் உயிரோடு இருப்பவனுக்குச் சாபம் போட்டதாகிவிடும்.

"செத்தவனுக்கு மணி அடிச்சு அழுது முடிச்சாத்தான் இருக்கவ சோறு திம்பா," என்றான் மிக்கேல். "எங்க வீட்டுல யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. நீங்க சொன்னாக் கேப்பா. சாமிக்கு ஏதும் சேதி வந்துச்சா, உபதேசியாரே?"

"விசுவாசம் இல்லாமப் பேசாத. இது சோதன."

மிக்கேல் விடவில்லை. "நான் வேல பாக்க எடத்துலயும் சோதனதான். பெட்டியத் தெறப்பான், கையவிட்டுக் கிண்டிப் பாப்பான், மூடி மேல சாக்கட்டியால ஒரு கோடு போட்டு வெளிய விட்டுருவான். ஒங்க சோதனைல மட்டும் பெட்டி வெளிய வரவே மாட்டேங்கு."

கோயில் வாசலில் நின்று என்ன பேச்சு பேசுகிறாய் என்று அவனைத் திட்டி அனுப்பினேன். பை அப்போதும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று மணிக்குச் சாமி வந்துவிடுவார். ஆண்டவர் பாடுபட்டுச் செத்த கதையை, பாடுகளை, வாசிப்பது என் வேலை, வருடா வருடம் என்னுடையதுதான். பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நடுப்பகல். செசிலி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. அந்தக் கை நிலையை விட்டால் ஆள் விழுந்துவிடுவாள் என்று தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும். எனக்குச் செபம் வரமாட்டேங்கு. வாய் அசையுது, உள்ள ஒண்ணும் ஓடல. பத்து நாளா இப்படித்தான். இன்னைக்கோட நிறுத்திரலாம்னு வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் நிறுத்திட்டா அவிய செத்துருவாவளா? அப்பம் நாந்தான் கொன்னவளா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் புருசன் உயிர் அவள் செபத்தில் தொங்குகிறது என்று மாதக் கணக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கணக்காகப் புரிந்துகொண்டு வந்து நிற்கிறாள். அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? பழக்கம் விடுமா?

"செசிலி, இது சோ…"

"அத மட்டும் சொல்லாதிய," என்றாள். சத்தம் போடவில்லை. "சின்னப் பிள்ளைல பரலோக மந்திரம் சொல்லித் தந்தது நீங்கதான். சோதன வேண்டாம் ஆண்டவரேன்னு தினமும் அவருகிட்டயே கேக்கச் சொன்னிய. இப்பம் அதை அனுப்புததே அவருதாங்கிய. ரெண்டுல எது? வேண்டாம் வேண்டாம்னு கேக்கக் கேக்க அதையே அனுப்புதவருக்கு எம்மேல பிரியம் இருக்கும்னு நான் எப்படி நம்ப?"

இருபது வருடம் அந்த மந்திரத்தைப் பிள்ளைகளுக்குப் பிரம்பைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் கண்டுபிடித்துவிடுவேன், அதில் என்ன கேட்கிறோம் என்று கவனித்ததே இல்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. நம் வேலையில் அது எப்போதும் உண்டு. 'சாமி மூணு மணிக்கு வந்துருவாரு, கேட்டுச் சொல்லுதேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் இன்றோடு நிறுத்தப் போகிறேன் என்று வந்திருக்கிறாள். நிறுத்திவிட்டு, கொன்றவள் நான்தான் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவாள். போனால் மூன்று மணிக்கு அவள் என்ன ஆகியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து இருபது அடி நடந்தால் கடல். மானம் போவதைப் பற்றிய பயம் அப்போதும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நின்றதால்தான் கை பைக்குள் போனது.

"நீ கொல்லல," என்றேன். "சூச செத்துட்டான், செசிலி. கார்த்திகைலயே செத்துட்டான். நீ மொத செபமால எடுக்க முந்தியே."

கடிதத்தை நீட்டினேன். நான்கு மாதம் பைக்குள் கிடந்து மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடக்கம் செய்த விவரம் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைச் சரியாகப் படித்ததுகூட இல்லை. செத்துவிட்டான் என்று தெரிந்தபின் மற்றதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"குளிப்பாட்டியிருக்காவ," என்றாள். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி, "வேட்டி எடுத்துக் கட்டியிருக்காவ. கோயிலுக்குக் கொண்டு போயிருக்காவ. பொம்பளைய எல்லாம் பக்கத்துல உக்காந்து அழுதிருக்காவளே, தன் வீட்டு ஆளு மாதிரி. யாருன்னே தெரியாதவுக." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்த வரியைப் படித்தாள். "மீனு தின்னுருக்கும்னு நெனச்சேன். தினமும் அதத்தான் நெனச்சேன். அப்படி இல்ல. நல்லாத்தான் பாத்திருக்காவ."

அவளைக் கொன்றுவிடும் என்று நான் மறைத்து வைத்திருந்த காகிதத்தில்தான் அவளுக்கு வேண்டிய ஆறுதல் இருந்தது. என் பேச்சு முழுவதையும் சேர்த்தாலும் அந்த இரண்டாம் பக்கத்துக்கு ஈடாகாது.

பிறகு அவள் கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது கிறிஸ்மசுக்கு முந்தி எழுதினது."

"ஆமா."

"நாலு மாசமா நான் கேட்டுக்கிட்டே கெடந்தனே. ஆண்டவரு எதுக்கு எனக்குச் சொல்லல?"

"சொன்னாரு," என்றேன். "அன்னைக்கே ஒனக்குச் சொல்லி அனுப்பிட்டாரு. கொண்டு வந்தவன் தரல."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மணிய அடிங்க."

இங்கேதான் பாருங்கள், அன்றைக்கு மணி அடிக்க முடியாது. ஆண்டவர் சாவுக்குத் துக்கமாகப் பெரிய வியாழன் பூசையில் கட்டிய மணிக்கயிற்றை உயிர்ப்புப் பூசையில்தான் அவிழ்ப்போம். இடையில் ராசாவே செத்தாலும் மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. அதைச் சொன்னேன்.

"அப்பம் வாயால சொல்லுங்க," என்றாள் செசிலி. "ஒங்களுக்குத்தான் வாய் இருக்கே. வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க. லெட்டரு என்னைக்கு வந்துச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னேன். மணி என்றால் கயிற்றை இழுத்துவிட்டு உள்ளே நின்றுகொள்ளலாம், யாரும் நம் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சூசை இறந்துவிட்டான், கார்த்திகையிலேயே இறந்துவிட்டான், கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, என் பையில் இருந்தது என்று சொன்னேன். முதல் வீட்டில் கடிதம் "தாமதமாகக் கைக்குக் கிடைத்தது" என்று ஒரு மாதிரி வழுக்கிப் பார்த்தேன். "யாரு கைக்கு?" என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். அதற்குப் பிறகு வழுக்கவில்லை. மிக்கேல் வீட்டில் அவனே வெளியே வந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வழிய விடுங்க, எந்தங்கச்சி தனியா இருக்கா" என்று போனான். ஒரு வசவாவது வைதிருக்கலாம். அதற்குக்கூட நான் லாயக்கில்லை போல.

பெரிய வெள்ளிக்கிழமை ஊரே ஒருசந்தி, பகலில் எந்த அடுப்பும் எரியாது. அன்று நான் கடைசித் தெருவை முடித்துத் திரும்பும்போது எல்லா வீட்டுக் கூரையிலும் புகை வந்துகொண்டிருந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாத பெண்கள் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, பானையைத் தூக்கிக்கொண்டு செசிலி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கார்த்திகையிலிருந்து அந்த வாசலைத் தாண்ட வழியில்லாமல் நின்றவர்கள். அவள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு ஒருத்தி ஊட்டிவிட, சாப்பிட்டாள். நான் எதிர்ச் சந்தில் நின்று பார்த்தேன், உள்ளே போகத் துணிவு இல்லை. ஆண்டவருக்குத் தன்மேல் பிரியம் இருக்கிறதா என்று அவள் கேட்டாளே, அதற்குப் பதில் அந்தத் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது. நான்கு மாதமாகத் தெருமுனையில் அதை மறித்துக்கொண்டு நின்றவன் நான்.

நாளைக்கு உங்களிடமும் ஒருவர் வந்து, உள்ளே வறண்டு போச்சு, செபம் வரவில்லை என்று சொல்வார். அவர் ஆண்டவரை விட்டுப் போகிறார் என்று பதறி, இன்னும் ஒன்பது செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுக்காதீர்கள். விட்டுப் போகிறவன் நம்மிடம் வந்து சொல்லிக்கொண்டு போகமாட்டான். அவருக்கு வந்து சேரவேண்டிய அன்பை யார் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தேடுவதை உங்கள் பையிலிருந்து தொடங்குங்கள்.

மூன்று மணிக்குச் சாமி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். வாசிப்புப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் கொடுத்தார். அவர் ரேஷன் கடை அறிவிப்பைப் படிக்கிற குரலில் பாடுகளைப் படித்தார். இந்த வருடம்தான் எல்லாம் புரிந்தது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து தும்பா வைத்துப் பூசை நடந்தது. அது முடிந்ததும் செசிலியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தயாரித்துக்கொண்டு போகவில்லை, அதனால் இரண்டு வார்த்தைதான் வந்தது.

"லெட்டர நாலு மாசம் வச்சிருந்திய," என்றாள். "எம்பதிலையும் நாலு மாசம் வச்சிருந்துட்டுச் சொல்லுதேன்."

அந்த நான்கு மாதத்தைப் பற்றி என்ன சொல்ல. சாமியிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன், மன்னிப்புக் கொடுத்தார், மனதில் ஒட்டவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் மணி உருண்டது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அவள் சொன்ன அதே வார்த்தை. இது சோதனை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்க எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்காவிட்டால், சிரிக்கக்கூட அருவருப்பு என்று நினைத்தேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, வேலையை விடுவதாக எழுதிக்கொண்டுபோய்ச் சாமியிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதையும் பையில வச்சுக்கிடும்," என்றார். "நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு இருக்கு, வந்துரும்."

ஆவணி பிறக்கிற சமயம், ஒரு சாயங்காலம் செசிலி கோயிலுக்கு வந்தாள். அப்போது மீன் விற்கப் போய்க்கொண்டிருந்தாள், உடம்பு தேறியிருந்தது. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"நாலு மாசம் ஆச்சு."

"ஆமா."

"மன்னிச்சாச்சு."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னைக்கு இல்ல," என்றாள். "வைகாசிலயே மன்னிச்சாச்சு. சொல்லிருவோம்னு ரெண்டு தரம் வந்தேன். பெறவு, கொஞ்ச நாளு கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும், எனக்கு எங்கேயும் மன்னிப்பே கிடையாது என்று அழுதுகொண்டு சைக்கிள் மிதித்தவன், அவ்வளவு நாளும் மன்னிப்புக் கிடைத்தவனாகத்தான் மிதித்திருக்கிறான். அது எனக்குத்தான் தெரியவில்லை.